ஒரு கோப்பை உப்பு

அக்டோபர் கடைசி வாரம் ஆகிவிட்டால் எங்கள் தெருவில் எல்லா வீட்டு டிரைவ்வே ஓரத்திலும் ஆரஞ்சு நிறக் குச்சிகள் முளைக்கும். இடுப்பளவு உயரம், உச்சியில் பளபளக்கும் பட்டை. டெட்ராய்ட்டின் புறநகரில் வீடு வாங்கிய முதல் வருடம், 2018ல், அதை ஹாலோவீன் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் விளக்கினார். ஓரடி பனி விழுந்த பிறகு எது கான்கிரீட், எது புல்தரை என்று யாருக்கும் தெரியாது. மண் இறுகுவதற்கு முன்னால் குச்சியை அடித்துவிட வேண்டும். டிசம்பரில் அடித்தால் குச்சிதான் உடையும்.

நான் அடிக்கவில்லை. அதைவிட முக்கியமான சில வேலைகளையும் செய்யவில்லை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் நேராக டிரைவ்வேயைப் பார்த்து இருந்தது. பகலில் கூரைப் பனி உருகி, அந்தத் தண்ணீர் கான்கிரீட்டின் குறுக்கே ஓடி, ராத்திரியில் கண்ணாடியாக உறையும். பத்து டாலர் நீட்டுக்குழாய் ஒன்றை மாட்டித் தோட்டத்துப் பக்கம் திருப்பியிருந்தால் போதும். எனக்குத் தெரியாது. தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் ஓடிப் போய்விட்டால் பிரச்சினை முடிந்தது.

2019 ஜனவரி கடைசியில் துருவக் காற்று இறங்கி டெட்ராய்ட்டில் மைனஸ் 25 டிகிரி செல்சியஸுக்குப் போனது. இந்தப் பகுதியில் தபால் பட்டுவாடாவையே நிறுத்திவைத்தார்கள். நாலைந்து நாளில் நேர்மாறாகச் சூடு ஏறி எல்லாம் உருகியது. அப்புறம் மறுபடி உறைந்தது. அந்த வாரம்தான் அம்மா அனுப்பிய பார்சல் வந்தது. கையெழுத்து வாங்க வேண்டிய பார்சல் என்பதால் தபால்காரப் பெண்மணி வண்டியை விட்டு இறங்கி வாசல்வரை நடந்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குழாய்த் தண்ணீர் உறைந்திருந்த இடத்தில் கால் வைத்தார்.

சத்தம் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். மணிக்கட்டு விசித்திரமான கோணத்தில் இருந்தது. என் மனைவி கம்பளி எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் போன் செய்தேன். பார்சலுக்குள் இட்லிப் பொடியும் கருப்பட்டியும் இருந்தன.

அன்று ராத்திரி நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பைத் திறந்து, மிச்சிகனில் வீட்டு முன் ஐஸில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று தேடினேன். மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2001ல் உறுதிசெய்த ஒரு கோட்பாடு கிடைத்தது. ஆபத்து கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மாதிரி இருந்தால், இடத்துக்குச் சொந்தக்காரருக்குப் பொதுவாகப் பொறுப்பு கிடையாது. பிப்ரவரியில் மிச்சிகனில் ஐஸ் இருக்கும் என்று எந்தச் சராசரி மனிதனுக்குத் தெரியாது? படித்து முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி அப்புறம் வெகுநாள் என்னைத் தொந்தரவு செய்தது. பனி யாருடைய பொறுப்பு என்ற கேள்வி எப்போது ஆரம்பித்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதனால்தான்.

*

முதல் ஆச்சரியம்: பனியை அகற்ற வேண்டும் என்பதே புதிய எண்ணம். மோட்டார் காருக்கு முந்தைய வட அமெரிக்காவில் பனி ஒரு தடை இல்லை, அதுதான் ரோடு. சேறும் பள்ளமுமாகக் கிடக்கும் மண் சாலையைப் பனி மூடி இறுக்கிவிட்டால், குதிரை இழுக்கும் சறுக்குவண்டி வெண்ணெய் மேல் போவது போலப் போகும். மரக்கட்டை, தானியம் என்று பாரமான சரக்கையெல்லாம் குளிர்காலத்துக்கென்று ஒதுக்கிவைத்துக் கொண்டுபோவார்கள். அதனால் நியூ இங்கிலாந்து ஊர்களில் பனியை வாரவில்லை, அழுத்தினார்கள். ஆளுயரத்துக்கு மேல் மர உருளை செய்து, குதிரைகளைப் பூட்டி, தெருத்தெருவாக உருட்டினார்கள். கூரை போட்ட மரப் பாலங்களுக்குள் பனி விழாது இல்லையா, அங்கே சறுக்குவண்டி பலகையில் உரசி நிற்கும். ஆகவே கூலிக்கு ஆள் வைத்துப் பாலத்துக்குள் பனியை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். இதை முதன்முதலில் படித்தபோது நான் முதுகு வலியோடு ஷவலைக் கையில் பிடித்திருந்தேன்.

நகரத்தில்தான் சண்டை தொடங்கியது. குதிரை ட்ராம் கம்பெனிகளுக்குத் தண்டவாளம் வெளியே தெரிந்தாக வேண்டும். 1862ல் மில்வாக்கியில் குதிரை இழுக்கும் பனிக்கலப்பை ஓடியது. மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன. தண்டவாளத்தின் மேல் உப்பும் போட்டார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். உப்பு பனியைக் கூழாக்குகிறது, சறுக்குவண்டி ஓடவில்லை, குதிரைக் குளம்பு புண்ணாகிறது, பூட்ஸ் கெடுகிறது. கலப்பை ஒதுக்கிய பனி கடை வாசலை அடைத்தது என்று வியாபாரிகளின் புகார் தனி. நடுரோட்டைச் சுத்தம் செய்கிறவன் அந்தப் பனியை யார் வாசலில் தள்ளுவது என்ற தகராறு அன்று தொடங்கியது. இன்றைக்குக் காலையிலும் என் வாசலில் நடந்தது.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வாழும் எல்லாருடைய பொது எரிச்சல் அது. இரண்டு மணி நேரம் டிரைவ்வேயைத் தள்ளி முடித்து உள்ளே வந்து காபி போடுவோம். அப்போது நகராட்சிக் கலப்பை வண்டி வரும். தெருப் பனியை எல்லாம் ஒதுக்கி டிரைவ்வே வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். கெட்டியான, உப்புக் கலந்த, ஈரக் கனம். ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். இதற்கு ஒரு உபாயம் இருக்கிறது. வீட்டுக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்து நில்லுங்கள். இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் கலப்பை உங்கள் இடக்கையிலிருந்து வலக்கைக்குப் போகும். ஆகவே டிரைவ்வேக்கு இடப்பக்கம், தெரு ஓரத்தில், பத்தடி நீளத்துக்கு ஒரு காலி இடம் வெட்டிவைக்க வேண்டும். கலப்பை தான் சுமந்து வரும் பனியை அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு உங்கள் வாசலைத் தாண்டும். நீங்கள் அள்ளுகிற பனியை வலப்பக்கமே போட வேண்டும். இடப்பக்கம் போட்டால் அதையே திருப்பிக் கொண்டுவந்து தந்துவிடும். எந்த எஞ்சினியரிங் கல்லூரியிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

*

எல்லாவற்றையும் மாற்றியது கார். ஆரம்பகாலக் கார்கள் திறந்த வண்டிகள். குளிர்காலம் வந்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து ஷெட்டில் நிறுத்திவிடுவார்கள். 1920களில் மூடிய கார்கள் பெருகியதும் வருடம் முழுக்க ஓட்டும் ஆசை வந்தது. கனடாவின் கியூபெக்கில் ஆர்த்தர் சிக்கார்ட் என்பவர், கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துப் பிடித்த யோசனையில் பனியை வாரி வீசியெறியும் வண்டியை 1925ல் செய்து முடித்தார். 1927ல் மாண்ட்ரியாலை ஒட்டிய அவுட்ரமாண்ட் ஊராட்சி அதை வாங்கியது. நடந்து தள்ளும் வீட்டு மாடல் வருவதற்கு 1950கள் ஆயின.

அதுவரை வழுக்கலுக்கு மணலும் நிலக்கரிச் சாம்பலும்தான். நெடுஞ்சாலைக்கு உப்பு என்பதை நியூ ஹாம்ஷயர் மாநிலம் 1938ல் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அதையே வழக்கமாக்கியது. அந்த ஒரு பருவத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் விழுந்த மொத்த உப்பு சுமார் 5,000 டன். இப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டன். அமெரிக்கர்கள் சாப்பிடும் உப்பெல்லாம் இதற்கு முன் தூசு.

அந்த உப்பில் ஒரு பகுதி என் காலுக்குக் கீழேயே இருக்கிறது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் சுமார் 1,100 அடி ஆழத்தில், 40 கோடி வருடங்களுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்புப் படுகை. 1906ல் தோண்ட ஆரம்பித்து 1910ல் உப்பைத் தொட்டார்கள். சுரங்கம் இப்போது 1,500 ஏக்கர், உள்ளே நூறு மைல் அளவுக்குப் பாதைகள். ஆரம்பத்தில் கோவேறு கழுதைகளைக் கயிற்றில் கட்டி இறக்கியிருக்கிறார்கள், அவை பிறகு மேலே வரவே இல்லையாம். பெரிய இயந்திரங்களைத் துண்டு துண்டாக இறக்கி உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். முதலில் தோல் பதனிடவும் உணவுத் தொழிலுக்கும்தான் இந்த உப்பு போனது. 1983ல் மூடிய சுரங்கம் பிறகு திறந்தபோது, அதன் முழு வாழ்வும் ரோட்டு உப்புக்கு என்றாகிவிட்டது.

அப்பாவிடம் இதைப் போனில் சொன்னேன். அவர் முப்பது வருடம் உப்புக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். வெயிலில் கண் பூத்துப்போய், கால் வெடித்து, பாத்தியில் உப்பு வாரும் பெண்களுக்குச் சனிக்கிழமைக் கூலி எண்ணிக் கொடுத்தவர். அக்டோபரில் மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது, அவர்களுக்குக் கூலியும் கிடையாது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உப்பயால ரோட்டுல கொட்டுதிய எல்லாரும்?" என்றார்.

*

நானும் கொட்டினேன். தபால்காரப் பெண்மணி விழுந்த மறுநாளிலிருந்து வெறிபிடித்தது போலக் கொட்டினேன். அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் 22 கிலோ மூட்டை ஆறு காலி. பனி விழுவதற்கு முன்பு, விழும்போது, விழுந்த பின்பு. மைனஸ் 15ல்கூட. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட வேலை செய்யாது என்ற அடிப்படை அறிவு எனக்கு அப்போது இல்லை. உப்புக் கரைசலை எவ்வளவு திறமையாகக் கலந்தாலும் மைனஸ் 21க்குக் கீழே உறைந்தே தீரும். கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு வேண்டும், இல்லாவிட்டால் மணல் தூவிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

பெரியவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "தம்பி, உப்புப் போடுறியா, விதைக்கிறியா?" (அவர் சொன்ன ஆங்கிலத்தில் இவ்வளவு அழகு இல்லை.)

2020 ஏப்ரலில் ஊரடங்கு. போக இடமில்லாமல் தினமும் டிரைவ்வேயில் முன்னும் பின்னும் நடந்தேன். கான்கிரீட்டின் மேல்தோல் அப்பளம் அப்பளமாக உரிந்து, அடியில் சரளைக்கல் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. முந்தைய உரிமையாளர் 2018 கோடையில்தான் புதிதாகப் போட்டிருந்தார். ஆகப் புதுக் கான்கிரீட்டின் முதல் குளிர்காலத்திலேயே உப்பைக் கண்ட தரை அது. முதல் வருடம் உப்பே படக்கூடாது என்பார்கள்.

இதற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் உறைந்து பருக்க இடமில்லாமல் உள்ளிருந்தே நெம்பும். உப்பு இதைத் தடுப்பதில்லை, கூட்டும். ஐஸை உருக்கித் தண்ணீராக்கி உள்ளே அனுப்பும், துளைகளை நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும், இரவில் அது உறையும், பகலில் மறுபடி உருகும். இதற்கு மருந்து 1930களில் தற்செயலாகக் கிடைத்தது. சில ரோடுகள் மட்டும் குளிர்காலத்தைத் தாங்கி நிற்பதைக் கவனித்து, அவற்றின் சிமெண்டை ஆராய்ந்தால், அரைக்கும்போது வழவழப்புக்காக மாட்டுக் கொழுப்பு மாதிரி ஏதோ சேர்த்திருந்தது. கொழுப்பு, கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான காற்றுக் குமிழ்களைச் சிறைபிடித்திருந்தது. உறைகிற தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடைத்தது. நம்மூரில் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் போட்டவர்கள் இந்தக் கதையைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்குக் குளிர்நாட்டில் ஊற்றும் வெளிக்கான்கிரீட் எல்லாம் வேண்டுமென்றே குமிழ் சேர்த்தது. ரோட்டு உப்பும் அதைத் தாங்கும் கான்கிரீட்டும் ஒரே பத்தாண்டில் பிறந்திருக்கின்றன.

உரிந்த தரைக்காக நான் அழவில்லை. செலவுதான். என்னை உலுக்கியது வேறு கேள்வி. 132 கிலோ உப்பு எங்கே போனது?

பெரியவரைக் கேட்டபோது அவர் பதிலுக்குத் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். அவர் ஃபிளின்ட் ஊர்க்காரர். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தங்கை இன்னும் அங்கேதான். குழாயில் வரும் தண்ணீரை இன்றுவரை குடிப்பதில்லை, பல் துலக்கக்கூடப் பாட்டில் தண்ணீர்.

ஃபிளின்ட் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. 2014 ஏப்ரலில் அந்த நகரம், செலவு மிச்சம் பிடிக்க, டெட்ராய்ட் வழியாக வந்த ஹூரான் ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. ஆற்றுத் தண்ணீரில் குளோரைடு அதிகம். பல குளிர்காலங்களின் ரோட்டு உப்பு அதில் ஒரு பங்கு. சுத்திகரிக்கச் சேர்த்த ஃபெரிக் குளோரைடு இன்னொரு பங்கு. குளோரைடு கூடினால் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். அதைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. குற்றத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது, உப்பின் மேல் போட்டு அதிகாரிகளைத் தப்பவிடக் கூடாது. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. 2014 அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, தன் உதிரிபாகங்கள் துருப்பிடிப்பதைப் பார்த்து, இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வேறு இணைப்புக்குப் போய்விட்டது. இரும்பு தப்பித்தது. ஜனங்கள் இன்னும் ஒரு வருடம் அதையே குடித்தார்கள். 2015 செப்டம்பரில் குழந்தைகள் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை எண்களோடு வெளியே சொன்ன பிறகே, அக்டோபரில் பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள்.

குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு. அது மட்காது, ஆவியாகாது, எந்தக் கிருமியும் அதைத் தின்னாது. சாதாரணச் சுத்திகரிப்பிலும் போகாது. ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் நன்னீரை நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாததாக்கிவிடும் என்பது இங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மென்பொருள்காரன் புத்தி சும்மா இருக்குமா? தேக்கரண்டிக்கு 6 கிராம் என்று வைத்துப் போட்டேன். என் ஆறு மூட்டைக்கு 4 லட்சம் லிட்டருக்கு மேல் வந்தது. என் டிரைவ்வேயின் சரிவு தெருவோர வடிகாலில் முடிகிறது. வடிகால் ஓடையில் முடிகிறது. யாரையோ விழாமல் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்த வேலை அது.

*

அப்படியானால் உப்பே போடாமல் வெறும் ஷவலோடு இருந்துவிடலாமா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1990 முதல் 2006 வரையான அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்ததில், பனி அள்ளும்போது வருடத்துக்குச் சராசரியாக 11,500 பேர் காயப்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 100 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த மரணங்களுக்குப் பெரும்பாலும் இதயமே காரணம். 1995ல் இதே மிச்சிகனில் மருத்துவர்கள் பத்து ஆரோக்கியமான, ஆனால் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆண்களை ஈரப்பனி அள்ளவைத்துப் பார்த்தார்கள். இரண்டே நிமிடத்தில் இதயத் துடிப்பு உச்ச அளவின் 85 சதவீதத்தைத் தாண்டியது. நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும், முப்பதைக் கடந்த, சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வம்சப் பொருத்தம் உள்ள நம் ஆட்கள் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் இருக்கிறோம்! தூக்காதீர்கள், தள்ளுங்கள். ஓரடி சேரும்வரை காத்திருக்காமல் மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை போய்த் தள்ளுங்கள். விடிகாலையில் வெறும் வயிற்றோடு வீரம் வேண்டாம்.

இப்போது என் வீட்டில் நடைமுறை இது. செப்டம்பரில் வெடிப்புகளை அடைத்து, இரண்டு நாள் காய்ந்த தரையில், வெயில் இருக்கும்போதே, உள்ளே ஊறும் சிலேன் வகைப் பூச்சு. குழாய் வாய் தோட்டத்தைப் பார்த்திருக்கிறது. பனி நின்றதும் முதலில் ஷவல், தரை தெரியும்வரை. அதற்குப் பிறகுதான் உப்பு, அதுவும் வழுக்கும் இடத்தில் மட்டும். 12 அவுன்ஸ் காபிக் கோப்பை ஒன்று நிரம்ப எடுத்தால் 20 அடி டிரைவ்வேக்குப் போதும். அரைக் கிலோகூட இல்லை. என்னுடையது 40 அடி, இரண்டு கோப்பை. கைப்பிடி உடைந்த பழைய கோப்பை ஒன்று கராஜில் மூட்டைக்குள்ளேயே கிடக்கிறது. பனி போனதும் மீந்த உப்புக் கல் தரையில் தெரிந்தால் கூட்டி அள்ளித் திரும்ப மூட்டையில் போட்டுவிடுவேன். போன வருடம் ஒரு மூட்டை மிச்சமே இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "ஒரு மூடை வெல என்னலே?" என்று மட்டும் கேட்டார்.

2023 ஜூலையில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய கோட்பாட்டைத் தூக்கிவிட்டது. பெட்ரோல் பங்க் வாசலில் பனியில் வழுக்கி விழுந்த ஒரு பெண்ணின் வழக்கு அது. ஐஸ் கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே இடத்துக்காரரின் கடமை இல்லாமல் போய்விடாது என்றது தீர்ப்பு. விழுந்தவருக்கும் கவனக்குறைவு இருந்ததா என்பதை அதற்கு அடுத்த படியில் பார்த்துக்கொள்ளலாம். அன்று ராத்திரி தீர்ப்பை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். 2019ல் படித்துவிட்டுத் தூங்கிய அதே மேஜை.

தபால்காரப் பெண்மணி ஏப்ரலில் வேலைக்குத் திரும்பியபோது வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நானோ வழக்குப் பயத்தில் அவரை ஒருதடவை கூடப் போய்ப் பார்க்கவில்லை. போன டிசம்பரில் கடைத்தெருவில் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானே போய், இன்ன தெரு, இன்ன வீடு என்று சொன்னேன்.

"ஓ, அந்தப் பார்சல்" என்றார். மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினார். குளிர் இறங்கினால் வலிக்குமாம், மற்றபடி பரவாயில்லையாம். பிறகு, உள்ளே என்னதான் இருந்தது, அவ்வளவு கனமாக, என்று கேட்டார்.

கருப்பட்டி என்றால் என்ன என்று விளக்கப் பத்து நிமிடம் ஆனது.